சுப்பர் விசாவில வந்த மாமிக்கு லைப்ரரி ஆங்கில வட்டம் சரிவருமா? (ஸ்காபரோ)

மல்லிகைப்பந்தல் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். என்ர மாமிக்கு 62 வயது. சுப்பர் விசாவில (பிள்ளைகளைப் பார்க்க வாற பெற்றோருக்கான நீண்ட காலப் பார்வையாளர் விசா) வந்து நாலு மாதம். ஊரில எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. ஆங்கில எழுத்துகள் தெரியும், கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பா. ஆனா ஆராவது ஆங்கிலத்தில கதைச்சா தலையை ஆட்டிப்போட்டுப் பேசாம நிண்டுடுவா. பகலில நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிடுவம்.

லிங்க் (LINC, குடிவந்தவைக்கான இலவச ஆங்கில வகுப்பு) வகுப்புக்குக் கேட்டுப் பார்த்தம். சுப்பர் விசாவில வந்தவையை எடுக்கேலாது எண்டு சொல்லிப்போட்டினம். லைப்ரரியில இலவசமா ஆங்கிலம் கதைச்சுப் பழகிற வட்டம் இருக்காம். அதுக்கும் பி.ஆர் (நிரந்தர வதிவிட) அட்டை கேப்பினமோ? அவவின்ர நிலைக்கு அது பொருந்துமோ, அல்லது போய் வெட்கப்பட்டு வந்திடுவாவோ? வீட்டில நாங்கள் முதல் என்ன பழக்கவேணும்? லோறன்ஸ் – மார்க்கம் றோட்டுப் பக்கம் இருக்கிறம்.

வாசிகசாலை எழுதியது:

பி.ஆர் அட்டை கேக்க மாட்டினம். ரொறன்ரோ பொது நூலகம் பெரும்பாலும் நகரசபைக் காசில ஓடுறது. உரையாடல் வட்டத்துக்கு வாற ஆளின்ர விசாவைப் பார்க்கிற வேலை அங்க இல்லை. லிங்க் மத்திய அரசின்ர காசில நடக்கிறதால அதுக்கு வேற விதி: பி.ஆர் உள்ளவைக்கும், அகதி எண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டவைக்கும்தான் இலவசம். குடியுரிமை எடுத்தவைக்குக்கூட லிங்க் இல்லை எண்டது கனபேருக்குத் தெரியாது. குடியுரிமை எடுத்தவையும், அகதிக் கோரிக்கை வைச்சிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவையும் பாடசாலைச் சபைகள் நடத்திற வயதுவந்தோருக்கான ஈ.எஸ்.எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாப் படிக்கிற) வகுப்புக்குப் போகலாம். அது மாகாணக் காசு. சுப்பர் விசாவில எவ்வளவு காலம் நிண்டாலும் ஆள் பார்வையாளர் கணக்குத்தான். அதால இந்த இரண்டிலயும் இலவச இடம் கிடைக்காது. உங்கட மாமிக்கு லைப்ரரிதான் சரியான கதவு.

நூலகத்துக்கு 100 கிளை இருக்கு, ஆனா எல்லாத்திலயும் வட்டம் நடக்கிறதில்லை. உங்களுக்குக் கிட்ட சீடர்பிரே கிளை. அங்க இந்தப் பருவத்தில நடக்குதோ எண்டு நேர போயோ ரெலிபோனிலயோ கேளுங்கோ. பழைய துண்டறிக்கையை நம்பிப் போகாதேங்கோ. நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், கோடையில சில வட்டங்கள் நிக்கும். கேக்கேக்க மூண்டு விசயத்தைச் சேர்த்துக் கேளுங்கோ. முன்பதிவு வேணுமோ, அல்லது நேர வந்து இருக்கலாமோ? ஆரம்பநிலை ஆக்களுக்கெண்டு தனி வட்டம் இருக்கோ? நேரடியா நடக்கிறதோ, சூமிலயோ? 62 வயதில புதுசாப் பழகிறவைக்கு சூம் வேண்டாம். ஒரு ஆள் கதைக்கேக்க மற்றவை எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவேணும். பக்கத்தில இருக்கிற ஆளோட மெல்லக் கதைச்சுப் பார்க்கிற வசதி அதில இல்லை.

வட்டத்தில இருக்க லைப்ரரி அட்டை பொதுவா தேவையில்லை. எண்டாலும் ஒண்டு எடுத்து வையுங்கோ. ரொறன்ரோவில இருக்கிறவைக்கு அது இலவசம். பெயரும் இங்கத்தைய முகவரியும் இருக்கிற ஆவணம் காட்டவேணும். பாஸ்போர்ட்டில இந்த முகவரி இராது எண்டபடியால், அவவின்ர பெயருக்கு வந்த வங்கிக் கடிதமோ காப்புறுதிக் கடிதமோ இருந்தா கொண்டுபோங்கோ, எதை ஏற்பினம் எண்டு முதலே கேட்டுவிட்டு. 2022 இலிருந்து பிந்திக் குடுத்தாலும் தண்டக்காசு இல்லை. அதால பயமில்லாம புத்தகம் எடுக்கலாம். துலைச்சாத்தான் காசு.

சான்றிதழ் தர மாட்டினம். இஞ்ச வந்த மணித்தியாலத்தை எந்த விண்ணப்பத்துக்கும் காட்டேலாது. உங்கட மாமிக்கு அதைப்பற்றி யோசனையும் வேண்டாம். பேந்து பி.ஆர் கிடைச்சுக் குடியுரிமைக்குப் போட்டாலும், மொழி நிரூபணம் 18 வயதிலிருந்து 54 வயது வரை உள்ளவைக்குத்தான்.

சுண்ணக்கட்டி எழுதியது:

வட்டத்தை வகுப்பெண்டு நினைச்சுப் போறதாலதான் கனபேர் இரண்டாம் கிழமையோட நிக்கினம். இலக்கணப் பாடம் வரும், கொப்பி திருத்துவினம், அடுத்த படிக்கு ஏத்துவினம் எண்டு எதிர்பார்த்தா ஏமாற்றம்தான். அங்க நடக்கிறது வாயால பழகிறது மட்டும். நடத்திறவர் பெரும்பாலும் தொண்டர் அல்லது நூலக ஊழியர், எல்லாரும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. வந்திருக்கிறவை வேற வேற நிலையில இருப்பினம்: போன மாதம் வந்து இறங்கினவரும் இருப்பார், ஊரில பொறியியலாளரா இருந்து வேலை நேர்முகத்துக்குப் பழகிறவரும் இருப்பார்.

வழக்கமா ஒரு மணித்தியாலம், சில இடத்தில ஒண்டரை. வந்த உடன ஒரு மடிச்ச அட்டையில பெயரை எழுதி முன்னால வைக்கவேணும். முதல் பத்து நிமிசம் பெயர், எந்த நாடு, கனடா வந்து எவ்வளவு காலம். பிறகு அண்டைக்குரிய ஒரு தலைப்பு: காலநிலை, சமையல், டொக்டரிட்டப் போறது, வீட்டு வாடகை. ஒரு கேள்வியைச் சொல்லி இரண்டு இரண்டு பேராக் கதைக்க விடுவினம். கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரு சுற்று.

நிலை போதுமோ எண்டு பார்க்க ஒரு சின்னப் பரீட்சை வையுங்கோ. «வாட்ஸ் யுவர் நேம்?», «வேர் டூ யூ லிவ்?», «ஹூ டூ யூ லிவ் வித்?», «வாட் டிட் யூ ஈட் டுடே?» இந்த நாலையும் ஆறுதலாக் கேளுங்கோ. நாலில இரண்டுக்கு ஒரு சொல்லிலயாவது பதில் வந்தா அனுப்பலாம். ஒண்டுக்கும் வராட்டி ஒரு மாதம் வீட்டில பழக்கிப்போட்டு அனுப்புங்கோ. கேள்வியே விளங்காம ஒரு மணித்தியாலம் இருந்து வந்தவவை இரண்டாம் தரம் கூட்டிக்கொண்டு போறது பெரிய பாடு.

அந்த ஒரு மாதத்தில அகராதி மாதிரிச் சொல்லுகளைப் பாடமாக்க வைக்காதேங்கோ. அவவின்ர வாழ்க்கையில நாளாந்தம் வாற இடங்களை எடுங்கோ, இடத்துக்கு மூண்டு வசனம். கதவில ஆள் வந்தா, கடையில காசு கட்டேக்க, பஸ்ஸில, கிளினிக்கில. சுப்பர் விசாக்காரருக்கு மாகாண மருத்துவக் காப்புறுதி இல்லை எண்டபடியால் கிளினிக்கில முதல் கேள்வியிலயே சிக்குவினம்: «ஹெல்த் கார்ட்?» எண்டு கேப்பினம். அதுக்கு «நோ ஹெல்த் கார்ட். ஐ ஹாவ் பிரைவேட் இன்சூரன்ஸ்» எண்டு சொல்லவேணும். அதோட பெயரை எழுத்தெழுத்தாச் சொல்லப் பழக்குங்கோ. எங்கட நீளப் பெயர்களை ரெலிபோனில சொல்லேக்க வி-யும் பி-யும் மாறிப்போகும், «வி, லைக் விக்ரர்», «பி, லைக் பேபி» எண்டு சேர்த்துச் சொல்லவேணும். முதற்பெயர் எது, குடும்பப்பெயர் எது எண்டதையும் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரே மாதிரிச் சொல்லப் பழகவேணும். ஒருநாள் தகப்பன் பெயர் முன்னால, மறுநாள் பின்னால எண்டா ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு கோப்பு திறந்திருப்பினம்.

தலையாட்டுறதைப் பற்றி எழுதியிருந்தீங்கள். அது முக்கியம். நாங்கள் பக்கவாட்டில ஆட்டுறதை இஞ்ச «இல்லை» எண்டோ «தெரியாது» எண்டோ எடுப்பினம். விளங்கினா «யெஸ்» எண்டு வாயால சொல்லவேணும். விளங்காட்டி «சொறி, சே இட் அகெய்ன், பிளீஸ்». இந்த ஒரு வசனம் வட்டத்தில அரைவாசிப் பயத்தைப் போக்கும். ஏனெண்டா திருப்பிக் கேக்கிறது பிழையில்லை எண்டு அங்க வந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இன்னொண்டு, கோவிக்காதேங்கோ: நீங்கள் பக்கத்தில இருக்காதேங்கோ. மகளோ மருமகளோ பக்கத்தில இருந்தா கேள்வி வந்த உடன தாய்மார் அவையின்ர முகத்தைப் பார்ப்பினம், அவை பதிலைச் சொல்லிவிடுவினம். முதல் நாள் அறை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், நடத்திறவரிட்ட «பிகினர், ஸ்லோலி பிளீஸ்» எண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்து புத்தகம் வாசியுங்கோ. ஸ்காபரோக் கிளைகளில இன்னொரு சிக்கலும் இருக்கு: எங்கட ஆக்கள் நாலு பேர் ஒரு மேசையில இருந்தா பத்து நிமிசத்தில பேச்சு தமிழுக்குப் போயிடும். சீன, ஃபிலிப்பினோ, ஆப்கான் ஆக்கள் இருக்கிற மேசையில இருக்கச் சொல்லுங்கோ. பொதுமொழி இல்லாத இடத்திலதான் ஆங்கிலம் வெளியில வரும்.

தாமிரபரணி எழுதியது:

பிராம்ப்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் மிசிசாகா, மார்க்கம் நூலகங்களிலும் இதே போன்ற வட்டங்கள் உண்டு. ரொறன்ரோவுக்கு வெளியே இருப்பவர்கள் அவரவர் ஊர் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் பழக்கும்போது இலக்கணத்தை முழுக்க விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இரண்டு இடங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் பெரிய உதவி.

ஒன்று, மரியாதை. «தண்ணி தாங்கோ», «தண்ணி குடுங்க» என்னும்போது மரியாதை அந்த வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. தனியாக «தயவுசெய்து» என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் «கிவ் வாட்டர்» என்று வரும். வால் அறுந்துபோய் அதிகாரமாகக் கேட்கும். அந்தம்மா மரியாதையாகத்தான் கேட்டிருப்பார், எதிரில் இருப்பவர் முகம் மட்டும் ஏன் மாறியது என்று அவருக்குப் புரியாது. ஆகவே «கேன் ஐ ஹாவ் ... பிளீஸ்» என்பதை ஒரே சொல்லாக, நடுவில் பொருளை மட்டும் மாற்றிச் செருகும் அச்சாகப் பழக்குங்கள். கேன் ஐ ஹாவ் வாட்டர் பிளீஸ், கேன் ஐ ஹாவ் எ பேக் பிளீஸ். இதை இலக்கணம் என்று சொல்லாமலே சொல்லிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கேள்வி. நமக்குக் கடைசியில் ஓர் «ஆ» போட்டால் கேள்வி: வருவீங்களா, இருக்கா. ஆங்கிலத்தில் கேள்வி முதல் சொல்லிலேயே தொடங்கிவிடும். «டூ யூ», «இஸ் திஸ்», «கேன் ஐ» என்ற மூன்று தொடக்கங்கள் போதும். வட்டத்தில் இருவர் இருவராகப் பேசும்போது பதில் சொல்ல மட்டும் தெரிந்தால் பேச்சு உடனே அறுந்துவிடும். திருப்பிக் கேட்க «அண்ட் யூ?» என்ற இரண்டு சொல் இருந்தால் அது ஓடும்.

உச்சரிப்பில் எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். பொருள் மாறும் இடங்களை மட்டும் பாருங்கள். முதலில் எண்கள். 13க்கும் 30க்கும் வேறுபாடு கடைசி ன்-இல் மட்டும் இல்லை, அழுத்தத்திலும் இருக்கிறது. தெர்டீன் என்பதில் பின்பாதி ஓங்கி நீளும், தெர்டி என்பதில் முன்பாதி ஓங்கும். 14–40, 15–50 எல்லாம் இப்படித்தான். டாக்டர் நேரத்திலும் கடை விலையிலும் தவறு நடப்பது இங்கேதான். சந்தேகம் வந்தால் «ஒன் த்ரீ?» «த்ரீ ஸீரோ?» என்று இலக்கமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்து «கேன்», «கேன்ட்». இலங்கையிலும் இந்தியாவிலும் படித்தவர்கள் «கான்ட்» என்று நெடிலாகப் பழகியிருப்பார்கள். இங்கே «கேன்ட்» என்பார்கள், கடைசி ட் பாதி விழுங்கப்படும். «கேன்» என்பதோ வேகத்தில் «கன்» என்று சுருங்கும். ஓங்கிக் கேட்டால் முடியாது, சுருங்கிக் கேட்டால் முடியும் என்று காதைப் பழக்கலாம். தாமே சொல்லும்போது «கேனாட்» என்று முழுதாகச் சொல்வது பாதுகாப்பு.

ப–ஃப வேறுபாடு, ஸ–ஷ, வி–டபிள்யூ இவையெல்லாம் பெரும்பாலும் சூழலில் விளங்கிவிடும். 62 வயதில் அவற்றுக்காக ஒருவரை நிறுத்தித் திருத்துவது பேச்சையே நிறுத்திவிடும்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சுண்ணக்கட்டி சொன்ன நாலு கேள்வியையும் கேட்டுப் பார்த்தன். பெயருக்கும் சாப்பாட்டுக்கும் பதில் வந்தது, அதால அனுப்பலாம் போல இருக்கு. இன்னும் மூண்டு சந்தேகம். தனியா பஸ்ஸில போய் வர இரண்டு தரம் காசு போகுமோ? வீட்டில பேரப்பிள்ளை (8 வயது) ஆங்கிலம் சொல்லிக் குடுக்க ஆசைப்படுறான், ஆனா அவன் சிரிச்சா மாமி வாயை மூடிவிடுறா. மற்றது, நாங்கள் வேலையில இருக்கேக்க ஏதும் அவசரமெண்டா?

வாசிகசாலை எழுதியது:

பிரெஸ்டோ அட்டை (பஸ் கட்டணம் கட்டத் தட்டிற அட்டை) ஒண்டு எடுங்கோ. ரி.ரி.சியில (ரொறன்ரோ நகரப் பஸ், ரயில் சேவை) முதல் தரம் தட்டின நேரத்திலிருந்து 2 மணித்தியாலத்துக்குள்ள எந்தப் பக்கம் ஏறினாலும் அதே கட்டணம்தான், திரும்பி வாறதும் அதில அடங்கும். கணக்கைப் பாருங்கோ: வீட்டடியில 9:40க்கு ஏறினா 11:40க்கு முதல் திரும்பும் பஸ்ஸில தட்டவேணும். வட்டம் 10 தொடங்கி 11க்கு முடிஞ்சா தாராளமாக் காணும். 11:30க்கு முடியிற ஒண்டரை மணித்தியால வட்டமெண்டா பஸ் பிந்தின நாளில தவறும். முக்கியம், இரண்டாம் தரம் ஏறேக்கயும் அட்டையைத் தட்டவேணும். காசு வெட்டாது எண்டு தட்டாம இருந்தா பரிசோதகர் வரேக்க பிரச்சினை. 65 ஆனாத்தான் முதியோர் கட்டணம்.

முதல் ஒரு தரம் வட்டம் இல்லாத நாளில அவவோட போய் வாங்கோ. எந்தத் தரிப்பில இறங்கிறது, எந்தப் பக்கம் றோட்டைக் கடக்கிறது, அறை எங்க, கழிவறை எங்க எண்டு காட்டுங்கோ. வட்டத்துக்குப் போற நாளில புதுசு ஒண்டு மட்டும் இருக்கவேணும், அது வட்டம்தான்.

அவசரத்துக்கு 911. அங்க எடுக்கிறவை பொலிசோ, தீயணைப்போ, அம்புலன்சோ எண்டு முதல் கேப்பினம். அவ சொல்லவேண்டியது «அம்புலன்ஸ். டமில், பிளீஸ்». மொழிபெயர்ப்பாளரை இணைப்பினம். இணைக்கிற வரைக்கும் போனை வைக்காம நிக்கவேணும், அமைதியா இருந்தாலும் வைக்கப்படாது. இதைச் சொல்லிப் பழக்குங்கோ. வீட்டு இலக்கத்தையும் தெருப்பெயரையும் பெரிய எழுத்தில, ஆங்கிலத்திலயும் அதின்ர உச்சரிப்பைத் தமிழிலயும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில ஒட்டுங்கோ.

சுண்ணக்கட்டி எழுதியது:

பேரனை ஆசிரியராக்காதேங்கோ, வாசிச்சுக் காட்டிற ஆளாக்குங்கோ. லைப்ரரியில இருந்து படப்புத்தகம் ஒண்டு, ஒரு பக்கத்தில ஒரு வசனத்துக்கு மேல இல்லாதது. பேரன் ஒரு பக்கம் வாசிக்கவேணும், அப்பம்மா படத்தைத் தொட்டு ஒரு சொல் சொல்லவேணும். ஒரு கிழமைக்கு அதே புத்தகம். ஐந்தாம் நாள் அவ வசனத்தை அவனுக்கு முதலே சொல்லுவா. அந்த வேலையில ஆரும் ஆரையும் திருத்திறதில்லை, அதால சிரிக்கிறதுக்கு இடமும் குறைவு. பதிலுக்கு அப்பம்மா அதே படத்துக்குத் தமிழில பேர் சொல்லட்டும், அவனுக்கும் அது வேணும். நூலகத்தின்ர டயல்-எ-ஸ்டோரி எண்ட ரெலிபோன் சேவையும் இருக்கு, பிள்ளைகளுக்கான கதைகளை எந்த நேரமும் போனில கேக்கலாம். இன்ரநெற் தேவையில்லை. ஆறுதலான ஆங்கிலத்துக்குக் காது பழக நல்லது.

வீட்டில இருக்கிற கடதாசிகளையும் பாவியுங்கோ. கிழமைக் கிழமை வாற பலசரக்குக் கடைத் துண்டறிக்கை, நகரசபையின்ர குப்பை எடுக்கிற நாட்காட்டி, மருந்துப் போத்தில் லேபிள். நீலப் பெட்டி (மறுசுழற்சி) என்ன கிழமை, பச்சைத் தொட்டி (சாப்பாட்டுக் கழிவு) என்ன கிழமை எண்டு பார்த்துச் சொல்லிற பொறுப்பை அவவிட்டக் குடுங்கோ. கிழமைப் பெயரும் திகதியும் நிறமும் தானா வரும். அதோட அவவின்ர சொல்லுக்கு வீட்டில தேவையும் வந்திடும்.

வட்டத்துக்கு முதல்நாள் இரவு பத்து நிமிசம் மட்டும் எடுத்து இரண்டு வசனம் ஆயத்தப்படுத்துங்கோ: தலைப்பு தெரிஞ்சா அதைப்பற்றி, தெரியாட்டி அந்தக் கிழமை வீட்டில நடந்ததைப் பற்றி. «யெஸ்டர்டே ஐ மேட் புட்டு» போதும். புட்டெண்டா என்ன எண்டு பக்கத்து ஆள் கேப்பா. அரிசிமா, தேங்காய்ப்பூ, ஆவி எண்ட மூண்டு சொல்லையும் ஆங்கிலத்தில குடுத்து அனுப்புங்கோ: ரைஸ் ஃப்ளவர், கோக்கனட், ஸ்டீம். திரும்பி வந்தா «என்ன படிச்சனீங்கள்?» எண்டு கேக்காதேங்கோ, பரீட்சை மாதிரி இருக்கும். «பக்கத்தில ஆர் இருந்தது, எந்த ஊர்க்காரி?» எண்டு கேளுங்கோ. பெயரும் ஊரும் சொல்ல முடிஞ்சா அண்டைக்குக் கதைச்சிருக்கிறா எண்டு அர்த்தம்.

நாலு கிழமை தொடர்ந்து போகவேணும், இடையில விடப்படாது. முதல் கிழமை ஒண்டும் விளங்கேல்லை எண்டு சொல்லுவா, இரண்டாம் கிழமை போகமாட்டன் எண்டுவா. அந்த இரண்டாம் கிழமைக்கு நீங்கள் ஒரு நாள் லீவு எடுத்து வைச்சிருங்கோ, வாசல் வரைக்கும் திரும்பக் கூட்டிக்கொண்டு போக.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

சீடர்பிரேயில கேட்டிட்டு வந்து எழுதிறன். லீவுக்கு இண்டைக்கே சொல்லிவைக்கிறன்.